கோவில் சாவியும் கண் சொட்டு மருந்தும்

கேள்வி: திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 48, ஒரு கம்பெனியில் கணக்காளர். பதினெட்டு வருஷமாகச் சபையின் கமிட்டிச் செயலாளர். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, கோவில் சாவி எல்லாம் என்னிடம்தான். கைக்கு வரும் சம்பளம் 41,000. தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, 4,100 தவறியதில்லை. வீட்டுக் கடன், மகனின் விடுதி, வீட்டுச் செலவு போக மிஞ்சும் 2,900-மும் கோவில் காரியத்துக்கே போய்விடும். புதுக் கோபுரத்துக்கு 1 லட்சம் தருவதாகப் பொருத்தனை (நேர்த்தி) பண்ணி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 60,000 கட்டிவிட்டேன். 40,000 பாக்கி. அம்மாவுக்கு 74 வயது, தங்கை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் புரை. கூட்டிப்போக ஆளில்லாமல் ஆபரேஷன் எட்டு மாதமாகத் தள்ளிப்போகிறது. தங்கை, "நீ கோவில் வேலையைப் பாருண்ணே" என்கிறாள். மனைவி, "ஊருக்குத்தான் உபதேசம்" என்கிறாள். புதிதாக வந்த ஐயர் (சபைப் போதகர்) போன மாதம் பவுல் எழுதிய எபேசியர் நிருபம் 2-ஐ எடுத்து, இரட்சிப்பு கிரியைகளினால், அதாவது நாம் செய்கிற செயல்களினால், அல்ல என்று பிரசங்கித்தார். அன்றிலிருந்து தூக்கமில்லை. இத்தனை வருஷம் செய்தது வீணா? அப்படியென்றால், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு ஏன் சொல்கிறார்? தேவனுக்கு முதலிடம் என்றுதானே வாழ்ந்தேன்?

பதில்:

அன்பான சகோதரருக்கு,

வீணல்ல. உங்கள் கிரியையையும் அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிட தேவன் அநீதியுள்ளவரல்ல என்று எபிரெயர் 6:10 சொல்கிறது. உங்களிடம் படித்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். அதை எந்தப் பிரசங்கமும் அழித்துவிட முடியாது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று என்று தோன்றுகிறது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர். பதினெட்டு வருஷ வரவை ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்தீர்கள், ஐயர் வந்து அந்தப் பேரேடே செல்லாது என்று சொன்னதுபோல் இருந்திருக்கும். பேரேடு செல்லாதுதான், அதில் ஐயர் சொன்னது சரி. ஆனால் அவர் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிட்டாரோ என்று சந்தேகம்.

எபேசியர் 2-ஐ எட்டிலிருந்து பத்து வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று தொடங்கி, "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று சொல்லி, உடனே "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று முடிகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வேற்றுமை உருபை நினைத்துக்கொள்ளுங்கள். கிரியைகளி'னால்' அல்ல, கிரியை'க்கு'. மூன்றாம் வேற்றுமையை நீக்கி நான்காம் வேற்றுமையை வைக்கிறார் பவுல். நற்செயல் என்பது தேவனுடைய பிள்ளை என்ற உரிமையை வாங்கித் தரும் பணமல்ல, பிள்ளையாகிவிட்டவன் வீட்டில் செய்கிற வேலை. அந்த வேலையையும் அவரே "முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார்" என்கிறது அதே வசனம். அந்த வரியை மறக்காதீர்கள், கீழே வேண்டியிருக்கும்.

யாக்கோபு இதற்கு எதிராகப் பேசவில்லை. இருவரும் ஆபிரகாமையே காட்டுகிறார்கள், ஆனால் அவர் வாழ்க்கையின் இரண்டு வேறு நாட்களை. ரோமர் 4 எடுப்பது ஆதியாகமம் 15-ஐ: நட்சத்திரங்களைப் பார்த்து விசுவாசித்த இரவு. யாக்கோபு 2 எடுப்பது 22-ஐ: மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன மோரியா மலை. முதல் சம்பவத்தில் ஆபிரகாமுக்குப் பிள்ளையே இல்லை. இரண்டாவதில் ஈசாக்கு விறகு சுமக்கும் வயதுக்கு வந்துவிட்டான். எப்படிப் பார்த்தாலும் இடையில் இருபது வருஷம். உள்ளே எப்படி வருவது என்பது பவுலின் பேச்சு. உள்ளே வந்து இருபது வருஷமான ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது யாக்கோபின் பேச்சு. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கே இது சிக்கலாகத்தான் இருந்தது. 1522-இல் தன் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று தள்ளினார். அதே பதிப்பில் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ள, சும்மா இருக்கத் தெரியாத ஒன்று, நற்கிரியை செய்யவேண்டுமா என்று கேட்கும் முன்னே அது செய்து முடித்திருக்கும் என்ற கருத்தில் எழுதினார். யாக்கோபு சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். இந்தச் சண்டையில் பிரிந்த லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையால், ஏற்றுக்கொள்ளப்பட்டவன் அழைக்கப்படுவது நற்செயலுக்கு என்பதுதான் அதன் சாரம்.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு தடுமாற்றம் உண்டு. 'கிரியை' என்ற சொல்லைக் கேட்டாலே காதில் சடங்கு ஒலிக்கிறது. சைவத்தின் சரியை, கிரியை என்ற பழைய வரிசையும், இறந்தவர்களுக்குச் செய்யும் கிரியையும் நம் மண்ணில் ஊறியவை. அதனால் நற்கிரியை என்றால் ஆராதனை ஒழுங்கு, பண்டிகை ஏற்பாடு, கோவில் கட்டடம் என்று மனசு தானாகப் போய்விடுகிறது. வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பு 'செயல்' என்று போடுகிறது. யாக்கோபு காட்டும் செயலில் கோவில் வேலை ஒன்றுகூட இல்லை. உடுக்கத் துணியும் அன்றன்றைய சாப்பாடும் இல்லாத ஒருவரிடம், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்புகிற ஆளைத்தான் அவர் பிடித்துக்கொள்கிறார். நம் பாஷையில் அது "ஜெபிச்சுக்கிறேன் தங்கச்சி".

தேவனுக்கு முதலிடம் என்று வாழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நம் சபைகளில் இதற்கு ஒரு வாய்ப்பாடே உண்டு: முதலில் தேவன், அடுத்து சபை, பிறகு குடும்பம். நடைமுறையில் முதல் இரண்டும் ஒன்றாகிவிடும். கமிட்டிக் கூட்டம் தேவன் ஆகிவிடும். புதிய ஏற்பாட்டில் 'முதலாவது' வருகிற மூன்று இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலமொழியில் மூன்றிலும் ஒரே சொல்தான். மத்தேயு 6:33 எல்லோருக்கும் மனப்பாடம்: முதலாவது அவருடைய ராஜ்யத்தையும் நீதியையும் தேடுங்கள். அதற்கு ஓர் அதிகாரம் முன்னால், 5:24-இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்து என்கிறார். மூன்றாவது 1 தீமோத்தேயு 5:4. விதவைக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால், அவர்கள் "முதலாவது தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாய் விசாரித்து", பெற்றோர் செய்த நன்மைக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். 'தேவபக்தியாய்' என்ற சொல் அங்கே சும்மா விழுந்ததல்ல. அம்மாவை விசாரிப்பதே ஆராதனைக் கணக்கில் சேருகிறது. ராஜ்யத்தை முதலாவது தேடுகிறவன் அன்றைக்குக் கோவிலை விட்டு வெளியே போக வேண்டியிருக்கலாம் என்பதுதான் 5:24.

மாற்கு 7-இல் வரும் கொர்பானையும் சொல்லாமல் விட முடியாது. அம்மா அப்பாவுக்குச் சேர வேண்டியதை "தேவனுக்குக் காணிக்கை" என்று அறிவித்துவிட்டால் பிள்ளையின் கடமை தீர்ந்தது என்றார்கள் பரிசேயர். இயேசு அதைத் தேவனுடைய வசனத்தையே அவமாக்குவது என்றார். நீங்கள் கொர்பான் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. அந்த எட்டு மாதமும் கோபுரமும் சேர்ந்து அதைச் சொல்லிவிட்டன.

இதைக் கடிந்துகொள்வதற்காக எழுதவில்லை. இப்படி நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. கோவில் வேலைக்கு நேரம் குறித்திருக்கிறது, ஆள் பார்க்கிறார்கள், முடித்தால் முடிந்தது என்று தெரிகிறது, ஆண்டு அறிக்கையில் பெயர் வருகிறது. வயதான தாயைப் பார்ப்பதில் இந்த நான்கும் கிடையாது. எது நினைவூட்டுகிறதோ அதைத்தான் மனிதன் செய்வான். ஆகவே அம்மாவின் காரியத்துக்கும் தேதி குறிக்க வேண்டும்.

தங்கை "கோவில் வேலையைப் பாருண்ணே" என்று சொன்னதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல சமாரியன் உவமையில் காயம்பட்டவனை மறுநாளிலிருந்து கவனித்தது சத்திரக்காரன். சமாரியன் தன் பயணத்தை விட்டுவிடவில்லை. ஆனால் இரண்டு நாள் கூலிக்குச் சமமான இரண்டு பணத்தை எடுத்துக் கொடுத்தான், திரும்பி வருவேன், மேற்கொண்டு செலவானால் தருவேன் என்றும் சொன்னான். உங்கள் தங்கைதான் அந்தச் சத்திரக்காரி. இத்தனை நாளில் இரண்டு பணமாவது போயிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன், அம்மாவை ஆறு வாரம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஆறு வாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புரை ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு நாள் வேலை, அதற்குப் பின்னால் வரும் வாரங்கள்தான் கவனிப்பு. அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இலவசப் பிரிவு உண்டு. ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும், அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, இவ்வளவும் பையில் இருக்கட்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும். அதை முதல் வாரமே பரிசோதித்துவிடுங்கள். புரை முற்றவிட்டால் ஆபரேஷன் கடினமாகும், கண்ணில் அழுத்தமும் ஏறலாம். எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டு கண்ணையும் பொதுவாக ஒரே நாளில் செய்யமாட்டார்கள். இரண்டாவது கண்ணின் தேதியையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து தொடக்கத்தில் நாளுக்கு ஆறு வேளை வரை இருக்கும், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். மருத்துவர் எழுதித் தருவதே கணக்கு. போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்து, கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி, அந்தக் குழியில் ஒரு சொட்டு. குப்பியின் மூக்கு இமையிலோ ரோமத்திலோ படக்கூடாது, பட்டால் கிருமி குப்பிக்குள் போய்விடும். சொட்டியதும் கண்ணை ஒரு நிமிஷம் மூடியிருக்கட்டும், கசக்கக்கூடாது. இரண்டு மருந்து கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். வலி கூடினால், கண் மேலும் சிவந்தால், பார்வை திடீரென்று மங்கினால், அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள்.

எபேசியர் 2:10-இல் "முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார்" என்று பார்த்தோமே, அது இந்தக் குப்பி அளவுக்குச் சின்னதாகத்தான் பெரும்பாலும் வரும்.

ஒரு எச்சரிக்கை. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலையை மனைவியின் தலையில் போட்டால், அது உங்கள் நற்கிரியை அல்ல, அவர்களுடையது. கன்வென்ஷனுக்கு எடுப்பதுபோல் முதல் வாரம் லீவு போடுங்கள். அதற்குப்பின் காலை, இரவுச் சொட்டு உங்கள் கையால். பகலுக்கு மனைவியிடம் முன்கூட்டியே கேட்டு, ஒப்புக்கொண்டால் மட்டும்.

மனைவியிடம் பேச வேண்டியது இதைவிடப் பெரியது. எருசலேமில் அர்வனா தன் போரடிக்கும் களத்தை இலவசமாகத் தருகிறேன் என்றபோது, எனக்குச் செலவில்லாத பலியை என் தேவனுக்குச் செலுத்தமாட்டேன் என்று தாவீது விலை கொடுத்து வாங்கினார். உங்கள் பொருத்தனையில் செலவு உண்டு, ஆனால் அது மனைவியின் கழுத்திலிருந்து போயிருக்கிறது. "தேவனுக்குத்தானே கொடுத்தோம்" என்று விளக்கம் சொல்லாதீர்கள். "உன் சங்கிலியை வைத்து என் பெயரில் பொருத்தனை பண்ணினேன், தப்பு. 22 மாதத்தில் மீட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் போதும்.

22 எங்கிருந்து வந்தது என்றால், தசமபாகம் 4,100-ம் மிச்சம் 2,900-மும் சேர்த்து மாதம் 7,000 உங்கள் கையில் இருக்கிறது. அதில் 3,000 நகைக் கடனுக்குப் போகட்டும். ஒன்பது, பத்து சதவீத வட்டி என்றால் 60,000 ரூபாய் 22 மாதத்தில் தீரும். வருஷக் கெடுவை மறந்தால் ஏல நோட்டீஸ் வரும், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். 2,500 அம்மாவுக்கு. தங்கை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் இது மாதாமாதம் போக வேண்டும். மீதி 1,500 சபைக் காணிக்கை.

தசமபாகத்தைக் குறைப்பதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐக் காட்டி யாராவது பயமுறுத்தவும் செய்வார்கள். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் விதவையை ஒடுக்குவதைப் பற்றிப் பேசுகிறது, அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். உபாகமம் 14-இன்படி மூன்றாம் வருஷத் தசமபாகம் ஊர் வாசலிலேயே வைக்கப்பட்டு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போனது. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் பத்தில் ஒன்று என்று எங்கும் கணக்குப் போடவில்லை. ஒருவனுக்கு "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்றார், 2 கொரிந்தியர் 8:12. அம்மாவுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் சேர வேண்டியது உங்களுக்கு 'உள்ளது' அல்ல. தசமபாகம் நல்ல பழக்கம், நகைக் கடனும் பொருத்தனைப் பாக்கியும் தீர்ந்ததும் அந்த அளவுக்குத் திரும்பிவிடுங்கள். அம்மாவுக்குக் கொடுப்பதைத் தசமபாகத்தில் கழிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். 'பதில் நன்மை' என்று பவுல் சொல்வது திருப்பிக் கொடுப்பதை, காணிக்கையை அல்ல.

பாக்கி 40,000-ஐக் கைவிடச் சொல்லவில்லை. பொருத்தனையைச் செலுத்து என்கிறது பிரசங்கி 5. ஆனால் பொருத்தனை பண்ணியவன் சொன்ன மதிப்பைக் கட்ட முடியாத ஏழையாயிருந்தால், ஆசாரியன் அவன் திராணிக்குத் தக்கபடி மறுபடி மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27:8 வழி வைத்திருக்கிறது. ஐயரைத் தனியாகப் பாருங்கள், கமிட்டி நடுவில் வேண்டாம். நகை மீண்ட பிறகு மாதம் 1,000, 40 மாதம் என்று எழுதிக் கொடுங்கள். கோபுரம் அதற்காக நின்றுவிடாது. நின்றாலும் கொஞ்ச நாள் நிற்கட்டும்.

பொறுப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். செயலாளர் வேலையை விடும்போது கோபித்துக்கொண்டு போகிறவர்போல் விடாதீர்கள், எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகைக்கு முன்னாலும் விடாதீர்கள். இரண்டு மாத அவகாசம் கொடுத்து, மினிட் புத்தகம், ரசீது புத்தகங்கள், பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பழைய செயலாளர் மாட்டிக்கொள்வது அங்கேதான். "அண்ணன் பின்வாங்கிட்டார்" என்று பேச்சு வரும். "அம்மாவைப் பார்க்கணும்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மத்தேயு 7-இல் "உமது நாமத்தினாலே இதைச் செய்தோம், அதைச் செய்தோம்" என்று பட்டியல் வாசிக்கிறவர்களை ஆண்டவர் தெரியாது என்கிறார். 25-இல், "எப்பொழுது உமக்குச் செய்தோம்?" என்று விழிக்கிறவர்களை உள்ளே அழைக்கிறார். ஆகவே சொட்டு மருந்தையும் புதிய பேரேட்டில் முதல் வரவாக எழுதிவிடாதீர்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை போடுங்கள், அதனால் உங்கள் இரட்சிப்பு ஆடிவிடாது.

ஆபரேஷனுக்கு அடுத்து வரும் ஞாயிறு நீங்கள் கோவிலுக்கு வர முடியாது. காலை ஒன்பது மணிச் சொட்டு ஆராதனை நடுவில் வரும். சாவியைச் சனிக்கிழமை இரவே அடுத்த ஆளிடம் கொடுத்து, பூட்டை எந்தப் பக்கம் இழுத்துத் திறக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்க முடியுமா என்று ஐயரிடம் கேளுங்கள். தங்கையையும் மாப்பிள்ளையையும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள், சமையலில் நீங்களும் நில்லுங்கள்.